ஆறாம் வயதுப் பல்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே குழந்தைக்கு முதற்பல் முளைப்பது ஒரு சிறு திருவிழா. அரிசிமாக் கொழுக்கட்டையின் விளிம்பிலே தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல நறுக்கிப் பதித்து அவித்தெடுப்பார்கள். குழந்தையை நடுவே இருத்தி அதன் தலைமேல் அக்கொழுக்கட்டைகளைச் சொரிவார்கள். எதிரே புத்தகம், பேனா, பொன் நகை எனப் பலவற்றையும் பரப்பி வைத்து, குழந்தை எதனைத் தொடுகின்றது என்று சுற்றமெல்லாம் கண்கொட்டாமற் பார்த்திருக்கும். ஐந்தாறு ஆண்டு கழித்து அதே பல் ஆடி விழும்போதும் சிறப்புக்குக் குறைவில்லை. அதனைக் கூரைமேல் எறிந்துவிட்டுப் புதுப்பல்லுக்குக் காத்திருப்பது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. வந்தபோதும் உபசாரம், போனபோதும் உபசாரம்!

ஆனால், வாழ்நாள் முழுவதும் நமக்கு உழைக்க வேண்டிய பல் ஒன்று ஆறாம் வயதையொட்டி ஓசையின்றி வந்து சேர்கின்றது. அதற்குக் கொழுக்கட்டையும் இல்லை, வரவேற்பும் இல்லை. பாற்பல் எதுவும் விழுந்து அதற்கு இடங்கொடுப்பதில்லை. பாற்பற்களுக்கெல்லாம் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக, நான்கு கொடுப்புப் பற்கள் முரசைப் பிளந்துகொண்டு வெளிவருகின்றன. “இதுவும் பாற்பல்தான், சூத்தை பிடித்தாலும் விழுந்து முளைக்கும்” என்று பெற்றோர் பலர் எண்ணி இருந்துவிடுகின்றனர். அந்தப் பல் போனால் போனதுதான்; மீண்டும் முளைப்பதில்லை.

2020ஆம் ஆண்டிலே கொவிட்-19 கொள்ளைநோய் நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது, முதலாந் தரத்திலே அப்பொழுதுதான் அடியெடுத்து வைத்திருந்த பிள்ளைகளின் வாய்களில் இந்தப் பல் முளைக்கும் தறுவாயில் இருந்தது. பாடங்கள் தவறியதைப்பற்றி எல்லாரும் பேசினோம். பல் வைத்தியம் தவறியதைப்பற்றிப் பேசியவர் மிகச் சிலரே. பாடத்தைப் பின்னர் படித்துக்கொள்ளலாம். பல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

கதவுகள் அடைபட்ட காலம்

2020 மார்ச் 13ஆம் திகதி முதல் இலங்கையின் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. நோய்ப்பரவல் அபாயம் மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாக யாழ்ப்பாணம் அறிவிக்கப்பட்டமையால், வேறு பல இடங்களிலே ஊரடங்கு தளர்ந்தபோதும் இங்கே வாரக்கணக்கில் அது நீடித்தது. பின்னர் பள்ளிக்கூடங்கள் திறப்பதும் மூடுவதுமாக ஒன்றரை ஆண்டு கழிந்தது. 2021 அக்டோபர் இறுதியிலேதான் ஆரம்பப் பிரிவு மாணவர் வகுப்புகளுக்கு மீளத் தொடங்கினர்.

அத்தோடு துன்பம் ஒழிந்ததா? இல்லை. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. எரிபொருளுக்கு வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு, மீண்டும் சில வாரங்கள் பள்ளிக்கூட அடைப்பு. ஆறு வயதில் வீட்டுக்குள் அடைபட்ட குழந்தை, எட்டு வயதிலேதான் ஒழுங்கான பள்ளிக்கூட வாழ்வைக் கண்டது.

பல் வைத்தியம் ஏன் முதலிலே நின்றது?

உடம்பு நோய்களுக்கு வைத்தியம் பார்ப்பவர் வேண்டுமானால் சற்று எட்ட நின்று பார்க்கலாம். பல் வைத்தியரோ நோயாளியின் திறந்த வாய்க்கு ஒரு முழ தூரத்திலே முகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்பவர். பல்லைக் குடையும் யந்திரம் மிக வேகமாகச் சுழல்வது. சூடேறாதிருக்க அதிலிருந்து நீர் பீறிடும். அந்நீர் உமிழ்நீரோடு கலந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக அறை முழுவதும் பரவும். கொவிட் வைரஸ் உமிழ்நீரிலும் இருப்பது. ஆகவே, ஒரு நோயாளியிடமிருந்து வைத்தியருக்கும், அவருக்குப் பின்னே வருபவருக்கும் தொற்று எளிதிலே தாவக்கூடும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது.

2020 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனமும், சமூகத்திலே தொற்றுக் குறையும்வரை அவசரமில்லாத பற்சிகிச்சைகளைத் தள்ளிவைக்கலாம் என்று அறிவுரை கூறியது. வலியும் வீக்கமும் உள்ளவர்களுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. பெரியவர்களைப் பொறுத்தவரை இது பொருத்தமான ஏற்பாடே. ஆனால் குழந்தைகளின் பல் வைத்தியத்திலே ‘அவசரமில்லாதது’ என்று தள்ளிவைக்கப்பட்டவைதாமே உயிர்நாடி? வலி வருமுன் பார்ப்பது, சிறு குழியாக இருக்கும்போதே அடைப்பது, துலக்கும் முறையைக் கற்பிப்பது ஆகியவையெல்லாம் தள்ளிப்போயின. வலி வந்தபின் எஞ்சுவது பெரும்பாலும் குறடுதான்.

செல்வ நாடுகளும் இதற்குத் தப்பவில்லை. இங்கிலாந்திலே 2019ஆம் ஆண்டில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 58 பேர் அந்நாட்டு அரசாங்கச் சேவையின் பல் வைத்தியரிடம் சென்றிருந்தனர். 2020ஆம் ஆண்டிலே அத்தொகை 30 அளவுக்கு வீழ்ந்தது. வழக்கமாகச் சென்றவர்களிற் பாதிப்பேர் ஓராண்டு முழுவதும் பல் வைத்தியரின் முகத்தையே காணவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பற்சிகிச்சை நிலையம்

நம் நாட்டிலே இந்த அடைப்பு ஏன் சிறுவரை இன்னும் நேராகத் தாக்கியது என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

முதலாம் உலக யுத்தத்துக்கு ஆட்சேர்த்தபோது, நியூசிலாந்து தன் இளைஞர்களின் பற்களின் நிலையைக் கண்டு திடுக்கிட்டது. அதன் விளைவாக, தோமஸ் ஹன்டர் என்னும் பல் வைத்திய அதிகாரியின் முயற்சியால், 1921இல் வெலிங்டன் நகரிலே இளம் பெண்களைப் பற்சிகிச்சைத் தாதியராகப் பயிற்றத் தொடங்கினார்கள். பிள்ளைகள் வைத்தியரைத் தேடிப் போகவேண்டாம். வைத்தியமே பள்ளிக்கூடத்துக்கு வரட்டும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. நியூசிலாந்துப் பிள்ளைகள் அந்தச் சிகிச்சை அறைக்குக் ‘கொலைக்களம்’ என்று பட்டப்பெயர் சூட்டிக் கேலிசெய்தார்களாம்! ஆயினும், வகுப்பறைக்குப் பக்கத்திலே இருந்தபடியால் பயந்துகொண்டேனும் போய்வந்தார்கள்.

1950களிலே கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்தின் உதவியோடு அம்முறை இலங்கைக்கும் வந்தது. மகரகமவிலே பயிற்சி நிலையம் எழுந்தது. இன்று பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்று நாம் அழைப்பவர்கள் அவ்வழியில் வந்தவர்களே. 3 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகளின் பற்களை அவர்கள் பார்க்கின்றார்கள், சிறு குழிகளை அடைக்கின்றார்கள், பாற்பற்களைப் பிடுங்குகின்றார்கள். சிறப்பாக 1ஆம், 4ஆம், 7ஆம் தரப் பிள்ளைகளைப் பரிசோதிப்பது வழக்கம். இதற்குக் காசு வாங்குவதில்லை.

இத்துணை நல்ல ஏற்பாட்டுக்குள் ஒரு பலவீனம் மறைந்திருந்தது. பள்ளிக்கூடத்தை நம்பி நிற்கும் வைத்தியம், பள்ளிக்கூடம் மூடியவுடன் தானும் நின்றுவிடும். பெரியவர்கள் செல்லும் ஆஸ்பத்திரி ஒருநாளும் முற்றாக மூடப்படவில்லை. பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து வாயைத் திறக்கச் சொல்லும் அந்த ஒழுங்குதான் அறுந்தது.

கொள்ளைநோய்க்கு முன்னும் நம் சிறுவரின் பற்கள் சிறந்திருந்தன என்று சொல்வதற்கில்லை. 2015-2016இல் நடந்த தேசிய வாய்ச் சுகாதார ஆய்வின்படி, 5 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 63 பேருக்குச் சூத்தைப்பல் இருந்தது. 12 வயதினரில் 30 பேரளவில் இருந்தது. பாற்பற்களைக் கவனியாது விட்டுவிட்டு, நிரந்தரப் பற்களைப் பாடசாலைப் பற்சிகிச்சையின் துணையோடு காத்துக்கொள்வதே நம் நடைமுறையாக இருந்தது. 2020இல் அந்தத் துணையும் விலகிற்று.

குருநகரின் கணக்கு

யாழ்ப்பாண நகரின் தென்கரையிலே கடனீரேரியைப் பார்த்திருப்பது குருநகர். கரையூர் என்பது பழைய பெயர். புனித யாகப்பர் ஆலயமும், இறங்குதுறையும், வலைத் தொழிற்சாலையும், தொடர்மாடி வீடுகளும் கொண்ட நெருக்கமான ஊர். இறாலும் நண்டும் மீனும் கொண்டு நகரத்தின் அடுப்புகளை எரியவைப்பவர்கள் இவ்வூர் மக்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை இங்கிருந்து அதிக தூரத்திலே இல்லை, சைக்கிளில் போய்வரலாம்.

அப்படியானால் இவ்வூர்ப் பிள்ளைக்குப் பல் வைத்தியம் கிட்டுவது எளிதன்றோ என்று கேட்கலாம். தூரம் வேறு, நேரம் வேறு. இரவிலே கடலுக்குப் போன தகப்பன் விடியலில் வந்து வலை தெரிந்து கொண்டிருப்பான். தாய்க்கு மீனை விற்றுக் காசாக்கும் அவசரம். வைத்தியசாலை வரிசையிலே ஒரு காலை போனால் ஒரு நாட் பிழைப்புப் போகும். வலியால் துடிக்காத பிள்ளைக்காக எவரும் அந்த நாளைக் கொடுப்பதில்லை. இது அலட்சியமன்று, கைக்கும் வாய்க்குமான கணக்கு. இந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் வைத்தியத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே தாயும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். ஆசிரியை கைபிடித்து அழைத்துப் போனாற் போதும்.

கொள்ளைநோய்க் காலத்திலே கடற்றொழிலாளர் ஊர்கள் இரட்டைச் சுமை சுமந்தன. 2020 அக்டோபரில் கொழும்பை அடுத்த பேலியகொடை மீன்சந்தையிலே தொற்றுப் பரவியது தெரிந்தபின், மீன் என்றாலே மக்கள் அஞ்சும் காலம் ஒன்று வந்தது. பிடித்த மீனுக்கு விலையில்லை. 2022இலோ படகுக்கு மண்ணெண்ணெய் இல்லை. சோற்றுக்கே வழி தேடும் வீட்டிலே பற்பசை வாங்கும் எண்ணம் எப்படிப் பிறக்கும்? குருநகருக்கு மட்டும் உரிய கதையன்று இது. நாட்கூலியை நம்பி வாழும் ஊர் எதுவாயினும், பள்ளிக்கூடத்துச் சிகிச்சை அறை மூடப்பட்டபோது அங்குள்ள பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் இல்லாமற் போயிற்று.

வீட்டுக்குள்ளே நடந்தது

சூத்தை எவ்வாறு உண்டாகின்றது என்பதை மாணவர்கள் விஞ்ஞான பாடத்திலே படித்திருப்பார்கள். பல்லின்மேற் படியும் அழுக்கிலே வாழும் நுண்கிருமிகள், நாம் உண்ணும் சீனியைத் தாமும் உண்டு அமிலத்தைக் கக்குகின்றன. அமிலம் பல்லின் மேலோட்டை அரிக்கின்றது. உமிழ்நீர் மெல்ல மெல்ல அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த சுண்ணச் சத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கின்றது. இதற்குச் சற்று நேரம் வேண்டும். ஆகவே, எவ்வளவு இனிப்பு உண்டோம் என்பதைக் காட்டிலும், எத்தனை முறை உண்டோம் என்பதே பல்லின் தலைவிதியை எழுதுகின்றது.

பள்ளிக்கூட மணி இருந்தவரை தின்பதற்கு ஒரு வேளை இருந்தது. அடைபட்ட வீட்டிலே மணியுமில்லை, வேளையுமில்லை. சலிப்புற்ற பிள்ளைக்கு ஒரு விசுக்கோத்து. அழுதால் ஒரு இனிப்பு. கைத்தொலைபேசியிலே பாடம் நடக்கும்போது அருகே சீனி கரைத்த தேநீர். பிந்தி எழுந்த நாள்களில் காலையிற் பல் துலக்குவதும் பிந்தியது. இரவில் துலக்குவது மறந்தே போயிற்று. இவ்வாறு ஒருபுறம் நோய்க்கு விருந்து. மறுபுறம் வைத்தியத்துக்குப் பூட்டு.

கதவு திறந்தது, கால் திரும்பவில்லை

பள்ளிக்கூடங்கள் திறந்தன; சிகிச்சை அறைகளும் திறந்தன. அத்தோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எண்ணுவது தவறு. பல் வைத்தியரிடம் போவது ஒரு பழக்கம். பழக்கம் அறுந்தால் தானாக ஒட்டாது.

சின்னஞ்சிறு வயதிலே, வலி எதுவும் இல்லாத ஒரு நாளில், அந்த உயர்ந்த நாற்காலியில் ஏறி, வாயைத் திறந்து, “நல்ல பிள்ளை” என்று பாராட்டுப் பெற்று இறங்கும் குழந்தைக்கு அந்த இடத்தில் அச்சமில்லை. கொள்ளைநோய்க் காலத்துப் பிள்ளைக்கு அத்தகைய முதல்நாள் வாய்க்கவில்லை. கன்னம் வீங்கி, இரவெல்லாம் அழுது, கராம்புத் தைலமும் உப்புநீரும் பயன்படாத நிலையிலே, குறட்டின் முன்னே கொண்டுபோய் நிறுத்தப்பட்ட நாளே அதற்கு முதல்நாள். அதன்பின் அது அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்குமா? நாளை தானும் தாயோ தகப்பனோ ஆகும்போது, தன் பிள்ளையைத்தான் அழைத்துப் போகுமா? ஒரு தலைமுறையின் அச்சம் அடுத்த தலைமுறைக்குச் சீதனமாகப் போய்விடக்கூடாது.

இன்னொரு கணக்கையும் பெற்றோர் கவனிக்கவேண்டும். 2020இல் முதலாந் தரத்திலே சேர்ந்த பிள்ளை 2026இல் ஏழாந் தரத்துக்கு உரியது. ஏழாந் தரப் பரிசோதனையே பாடசாலைப் பற்சிகிச்சையின் இறுதிப் படி. 13 வயது கடந்தால் அப்பிள்ளையும் பெரியவர்களின் வரிசையிலே போய் நிற்கவேண்டியதுதான். முதற் பரிசோதனையை நோய் விழுங்கிவிட்டது. கடைசிப் பரிசோதனையையும் நம் மறதி விழுங்கிவிடலாமா? பன்னிரண்டு வயதளவில் ஆறாம் வயதுப் பல்லுக்குப் பின்னால் அடுத்த கொடுப்புப் பல்லும் முளைக்கின்றது. முன்னதிலே உள்ள சூத்தையைக் கவனியாவிட்டால் புதிதாக வருவதற்கும் ஆபத்துண்டு.

ஆறாம் வயதுப் பல்லை இழந்தால் என்ன ஆகும்? பின்னால் நிற்கும் பல் அந்த வெற்றிடத்தை நோக்கிச் சாயும். எதிர்த்தாடைப் பல் தடுப்பாரின்றி நீளும். பிள்ளை ஒரு பக்கமாகவே மெல்லப் பழகும். உணவை அரைக்கும் பெரும் பாரத்தைத் தாங்கும் தூண் அது. பன்னிரண்டு வயதிலே தூணைப் பிடுங்கிவிட்டு, அறுபது வயதுவரை கூரையைக் காப்பது எப்படி?

யந்திரம் இல்லாத வைத்தியம்

கொள்ளைநோயிலும் ஒரு நன்மை விளைந்தது. குடையும் யந்திரம் இல்லாமலே சூத்தையை அடக்கும் முறைகளை உலகம் மீண்டும் நினைத்துப் பார்த்தது. 1980களிலே தன்சானியாவில் உருவான முறை ஒன்றுண்டு. மின்சாரமோ யந்திரமோ இன்றி, கைக்கருவியாலே மெத்தென்ற சூத்தைப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, பல்லோடு ஒட்டிக்கொள்ளும் ஒருவகைச் சாந்தினால் குழியை அடைப்பார்கள். சத்தமில்லை, தெறிக்கும் நீருமில்லை. வெள்ளியும் புளோரைட்டும் கலந்த மருந்து ஒன்றைச் சூத்தைமீது பூசி, அது மேலும் பரவாது தடுக்கும் முறையும் உண்டு. பூசிய இடம் கறுக்கும். ஆனால் நோய் அடங்கும். 2021இலே உலக சுகாதார நிறுவனம் அம்மருந்தையும் அச்சாந்தையும் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. யந்திரத்தின் ஓசைக்கு அஞ்சும் பிள்ளைகளுக்கு இவை பெரும் வாய்ப்பு. தம் பிள்ளைக்கு இவற்றுள் ஏதேனும் பொருந்துமா என்று பெற்றோர் பற்சிகிச்சையாளரிடம் கேட்டறியலாம்.

பெற்றோர் செய்யத்தக்கவை

பகல் வெளிச்சத்திலே, யன்னலோரமாகப் பிள்ளையின் தலையை மடியிற் சாய்த்துக்கொள்ளுங்கள். முன்பல்லின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிச் செல்லுங்கள். ஆறாவதாக நிற்பதே ஆறாம் வயதுப் பல். எண்ணிக்கையும் ஆறு, வயதும் ஆறு; மறக்க வழியில்லை. அதன் மேற்பரப்பிலே உள்ள பள்ளங்களிற் கறுப்போ கபிலமோ தெரிகின்றதா, விளிம்பிலே சுண்ணாம்பு தீற்றியதுபோன்ற வெண்மை படர்ந்திருக்கின்றதா என்று பாருங்கள். தெரிந்தால் வலிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தெரியாவிட்டாலும் ஒருமுறை பற்சிகிச்சையாளரிடம் காட்டுவது நன்று. பள்ளங்களைக் காப்புப் பூச்சால் மூடிச் சூத்தை வராமலே தடுக்கும் வழியும் உண்டு.

நாளுக்கு இருமுறை பல் துலக்கவேண்டும். அவற்றுள் இரவுத் துலக்கலைத் தவறவிடக்கூடாது. ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவர் கைகொடுத்தே ஆகவேண்டும். பற்பசையிலே பத்து இலட்சத்துக்கு 1000 முதல் 1500 பங்குவரை புளோரைட் இருக்கின்றதா என்று உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். மூன்று வயது கடந்த சிறுவருக்கு ஒரு பட்டாணியளவு போதும். துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டாற் போதும். நீர்விட்டு அலசிக் கொப்பளித்தால் மருந்தும் அதனோடு போய்விடும். உமிக்கரியும் உப்பும் நம் முன்னோர் கண்ட வழியாயினும், அவற்றிலே புளோரைட் இல்லை. கரகரப்பாகத் தேய்த்தால் பல்லின் மேலோடும் தேயும். இனிப்பைச் சாப்பாட்டு வேளையோடு சேர்த்துக் கொடுங்கள். இடைவேளைகளில் நீர் குடிக்கப் பழக்குங்கள். பாற்போத்தலை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்கவிட வேண்டாம்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. கொள்ளைநோய் ஆண்டுகளிலே முதலாந் தரம் படித்த பிள்ளைகள் யார் யார் என்பதை நம் பதிவேடுகள் சொல்லும். அவர்களிலே பரிசோதிக்கப்படாதவர் பெயர்களைக் குறித்து, பற்சிகிச்சையாளரிடம் கொடுப்பதற்கு ஒரு தாளும் ஒரு மணி நேரமும் போதும். சோதனைப் புள்ளிகளுக்காக நாம் படும் பாட்டிலே பத்திலொரு பங்கு பட்டாற்கூட, பல பிள்ளைகளின் பற்கள் தப்பிவிடும்.

முதற்பல்லுக்குக் கொழுக்கட்டை சொரிவதை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. அது இனிய வழக்கம். அத்தோடு ஆறாம் வயதுப் பல்லுக்கும் ஒரு வரவேற்பு வைப்போமாக. அதற்கு மாவும் தேங்காயும் வேண்டா. ஒரு நாட் காலையிலே பிள்ளையின் கையைப் பிடித்துப் பற்சிகிச்சை நிலையத்தின் படியேறினாற் போதும். இரண்டாண்டு அடைபட்டுக் கிடந்த கதவு இன்று திறந்திருக்கின்றது. உள்ளே அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் நாமே.